முன்னாடி தள்ளுதா, பின்னாடி வீசுதா? டிராக் நாளில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கோவை செட்டிபாளையத்து கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே (சொந்தக் காரைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கும் நாள்) நடக்கும்போது, வண்டிகள் வந்து நிற்கும் பிட் ஓரமாக நின்று பாருங்கள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் வருகிற புகார் இரண்டே வகைதான். "முன்னாடி தள்ளுதுங்க" என்பார் ஒருவர்; ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டியின் மூக்கு வளைவுக்கு வெளியே போகிறது என்று அர்த்தம். "பின்னாடி வீசுதுங்க" என்பார் அடுத்தவர்; பின் சக்கரங்கள் வழுக்கி வால் வெளியே போகிறது என்று அர்த்தம். அதற்கு அடுத்த வாக்கியமும் மனப்பாடம்: "காயில்ஓவர் போட்டா சரியாயிருங்களா?"

உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்தான் காயில்ஓவர். போட்டால் சரி ஆகலாம், ஆகாமலும் போகலாம். அந்தப் புகாரில் பாதி விஷயம் விட்டுப்போயிருக்கிறது. வளைவுக்குள் திரும்பும்போது தள்ளுகிறதா, நடு வளைவிலா, ஆக்சிலேட்டர் கொடுத்து வெளியே வரும்போதா? முதல் ரவுண்டிலேயே அப்படியா, நாலு ரவுண்டு போன பிறகா? இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டால் வைத்தியம் பெரும்பாலும் காற்று, அலைன்மென்ட், பிரேக் ஆயில் என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும்.

இது ஒன்றும் புது ஞானம் இல்லை. இந்த டிராக் யார் பெயரில் இருக்கிறதோ, அந்த எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை இதே கோவையில் உருவாக்கினார். எல்லாருக்கும் ஒரே சின்ன எஞ்சின் என்றால், வளைவில் வேகத்தைக் காப்பாற்றிக்கொள்பவர்தான் முந்த முடியும். இன்றைக்கு போலோ ஜிடியோ, ஐ20 என் லைனோ, கேமனோ, எம்2-வோ எதைக் கொண்டு வந்தாலும் கணக்கு அதேதான். சுமார் 2.1 கி.மீ. டிராக்கில் குதிரைத்திறனைக் காட்ட இடம் ரொம்ப இல்லை.

எதையும் திருகுவதற்கு முன்

சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு). ஷாக்கில் எண்ணெய்க் கசிவு, லோயர் ஆர்ம் (சக்கரத்தை உடலோடு இணைக்கும் கீழ்க் கை) புஷ்ஷில், அதாவது அதன் ரப்பர் மூட்டில், விரிசல் இரண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். புஷ் போன வண்டியில் அலைன்மென்ட் பார்ப்பது காசைத் தண்ணீரில் போடுவதுதான். மெஷினில் நிற்கும்போது ஒரு கோணம், பிரேக் அடிக்கும்போது வேறொரு கோணம்.

டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2219 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம் செய்த டயர். பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகள்) நிறைய இருந்தாலும், ரப்பர் காய்ந்து இறுகிப்போன டயரை எந்த செட்டிங்கும் காப்பாற்றாது.

இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். காற்றையும் குறைத்து, ஆன்டி ரோல் பாரையும் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) இறுக்கி, ஷாக்கையும் நாலு கிளிக் திருப்பிவிட்டு "இப்ப நல்லா இருக்குங்க" என்றால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது. நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று ரவுண்டு நல்லா இருக்கு, அப்புறம் வழுக்குது

இது காற்று. வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

வீட்டில் 33 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள். டயரின் உள்ளே வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும். சித்திரை வெயிலில், தார் கொதிக்கிற மதியத்தில், நாலைந்து ரவுண்டு விரட்டினால் 33 என்பது 40-ஐத் தாண்டிவிடும். டயரின் நடுப்பகுதி உப்பி, தரையில் படும் பரப்பு குறைந்துவிடும். பிடிப்பு போகத்தான் செய்யும்.

ஆகவே குளிர்ந்த அழுத்தத்தை மறந்துவிட்டு, சூடான அழுத்தத்தைக் கணக்கில் வையுங்கள். ரோட்டுக்கான பெர்ஃபார்மன்ஸ் டயர்களில் பெரும்பாலானவை சூடான பின் 32-க்கும் 36-க்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் நன்றாக இருக்கும். ரவுண்டு முடித்து பிட்டுக்குள் வந்தவுடன், டீ குடிக்கப் போகாமல், நாலு டயரையும் அளந்து இறக்குங்கள். சொந்த கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க் கேஜை நம்பாதீர்கள். ஒரு பங்க்கின் 32 இன்னொரு பங்க்கில் 35.

நைட்ரஜன் அடித்தால் ஏறாது என்பார்கள். நைட்ரஜனும் வாயுதான், சூடானால் அதுவும் ஏறும். ஈரமில்லாத வாயு என்பதால் ஏற்றம் கொஞ்சம் சீராக இருக்கும், அவ்வளவுதான்.

நாலு டயரும் ஒரே மாதிரி ஏறாது. வலப்பக்க வளைவு அதிகமுள்ள டிராக்கில் இடது டயர்கள்தான் கூடுதலாகச் சுமக்கும். இடது முன் டயர் 38, வலது முன் டயர் 34 என்றால் இடதில் 4 இறக்குங்கள். குளிர்ந்த பின் இடதும் வலதும் வேறு வேறாகத் தெரியும். அப்படித்தான் தெரியணும்.

நடு வளைவில் முன்னாடி தள்ளுது

பிரேக்கை விட்டாயிற்று, ஆக்சிலேட்டர் இன்னும் கொடுக்கவில்லை, ஸ்டியரிங்கைக் கூடுதலாகத் திருப்பினாலும் வண்டி அகலமாகவே போகிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் கார்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். பயந்துபோன டிரைவர் காலை எடுத்தால் வண்டி தானாக அடங்கணும் என்பது ரோட்டுக்கு நல்ல ஏற்பாடு. டிராக்கில் அது நேரத்தைத் தின்னும்.

சாக்பீஸ் எடுத்து முன் டயரின் விளிம்பில், பட்டனிலிருந்து பக்கவாட்டுக்கு இறங்கும் இடத்தில், மூன்று நாலு இடங்களில் கோடு போடுங்கள். பல டயர்களில் அந்த இடத்தில் ஒரு சின்ன முக்கோணம் அச்சடித்திருக்கும். ஐந்து ரவுண்டு போய்விட்டு வந்து பாருங்கள். சாக்பீஸ் முக்கோணம் வரை அழிந்திருந்தால் சரியான அளவு. அதையும் தாண்டி பக்கவாட்டு எழுத்து வரை அழிந்திருந்தால் டயர் படுத்து உருள்கிறது என்று அர்த்தம். காற்று மிகக் குறைவு, அல்லது கேம்பர் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) போதவில்லை.

காற்று சரியாக இருந்தும் வெளி விளிம்பு மட்டும் தேய்ந்து, உள்பக்கம் புதுசு போல் இருந்தால் கேம்பர்தான். சாதாரண முன்சக்கர ஓட்ட ஹேட்ச்பேக்கில் முன்பக்கம் அரை டிகிரி நெகட்டிவ் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) அளவில்தான் இருக்கும். டிராக்குக்கு 2 முதல் 3 டிகிரி வரை தேவைப்படும். மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக இருப்பது) வண்டிகளில் பலவற்றில் கேம்பர் மாற்றவே இடம் கொடுத்திருக்க மாட்டார்கள். ஸ்ட்ரட்டைச் சக்கரத் தாங்கியோடு இணைக்க இரண்டு போல்ட் இருக்கும் வண்டி என்றால், மெலிந்த கேம்பர் போல்ட் போட்டு ஒரு டிகிரிக்கு மேல் எடுக்கலாம். ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே வண்டி வைத்திருப்பவர் முதலில் செய்ய வேண்டிய செலவு இதுதான் என்பேன். அதற்கு மேல் வேண்டுமென்றால், ஸ்ட்ரட்டின் மேல்முனையை நகர்த்த உதவும் கேம்பர் பிளேட்.

அலைன்மென்ட் கடையில் ஒரு தொல்லை உண்டு. மெஷினில் பச்சை வந்தால் அவர்களுக்கு வேலை முடிந்தது. நீங்கள் கேட்கும் 2 டிகிரி கம்பெனி அளவுக்கு வெளியே என்பதால் சிவப்பில்தான் நிற்கும். "சார், இது ராங்" என்று திருப்பி வைத்துவிடுவார்கள். பக்கத்திலேயே நின்று, சிவப்பு இருக்கட்டும், இடதும் வலதும் ஒன்றாக இருந்தால் போதும் என்று சொல்லி, பிரிண்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அடுத்தது ஆன்டி ரோல் பார். முன்பாரை இறுக்கினால் தள்ளுவது கூடும், பின்பாரை இறுக்கினால் குறையும். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். முன்னாடி சாய்கிறது, அதனால் முன்னாடி கெட்டியான பார் என்று. சாய்வு குறையும், பிடிப்பும் சேர்ந்தே குறையும்.

தாழ்த்திய பிறகு முன்னைவிட மோசம்

இதைக் கொஞ்சம் நின்று பேசணும், ஏனென்றால் நம்ம பக்கம் முதல் செலவே வண்டியைத் தாழ்த்துவதுதான்.

முன் சக்கரத்துக்குக் கீழே குனிந்து லோயர் ஆர்மைப் பாருங்கள். கம்பெனி உயரத்தில் அது உடல் பக்கத்திலிருந்து சக்கரப் பக்கம் சற்றுக் கீழே இறங்கியோ, தரைக்கு இணையாகவோ இருக்கும். 40, 50 மி.மீ. தாழ்த்தினால் அது தலைகீழாகி, சக்கரப் பக்கம் மேலே ஏறி நிற்கும். அந்த நிலையில் வண்டி சாயும்போது வெளிச் சக்கரம் கேம்பரைக் கூட்டாது, இழக்கும். ரோல் சென்டர் என்று சொல்லப்படும் சாய்வு மையம், எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் இடைவெளி கூடுவதால், தாழ்த்திய வண்டி முன்னைவிட அதிகமாகச் சாய முயலும். அதை அடக்க இன்னும் கெட்டியான ஸ்பிரிங், அதற்கு இன்னொரு செலவு.

கூடவே ஷாக்கின் பயணமும் குறைகிறது. நடு வளைவில் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று முன்னாடி விட்டுவிடுகிறதா? ஷாக், அதன் கடைசித் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிட்டது. சோதிக்க இரண்டு ரூபாய் கேபிள் டை போதும். தூசி உறையைத் தூக்கிவிட்டு, ஷாக்கின் பளபளப்பான தண்டில் கேபிள் டையை இறுக்கமில்லாமல் மாட்டி, கீழே தள்ளி விடுங்கள். ரவுண்டு முடித்து வந்து பார்த்தால் ஷாக் எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதை அது காட்டிக்கொண்டு நிற்கும். பம்ப் ஸ்டாப் வரை போயிருந்தால் வண்டியை 10, 15 மி.மீ. மேலே ஏற்றுங்கள். அழகு கொஞ்சம் குறையும். வேகம் கூடும்.

வளைவுக்குள் திரும்ப மறுக்குது

ஸ்டியரிங் திருப்பிய முதல் நொடியில் பதில் இல்லை, அப்புறம் பிடித்துக்கொள்கிறது என்றால் பாதி வண்டி, பாதி டிரைவர். டயரிடம் இருக்கும் பிடிப்பு மாதச் சம்பளம் போல. முழுவதையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திருப்பத்துக்குக் கையில் ஒன்றும் இருக்காது. நேர்கோட்டில் கனமாகப் பிரேக் பிடித்து, திருப்பத் தொடங்கும்போது மெதுவாக விடுங்கள். சட்டென்று விட்டால் மூக்கு மேலே எழும், முன் டயரில் பாரம் போய்விடும்.

வண்டிப் பக்கம் பார்த்தால் முன் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. நேராகவோ, மிகச் சிறிதாக வெளிப்பார்வையாகவோ (இரண்டு சக்கரமும் சேர்த்து 1 முதல் 2 மி.மீ.) வைத்தால் திருப்பத்தில் சுறுசுறுப்பு வரும். அதற்கு மேல் வைத்தால் அவிநாசி ரோட்டில் நேராகப் போகாது. கேம்பரை மாற்றினால் டோவும் மாறிவிடும். இரண்டாவது முறை டோ பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

டோவை வீட்டிலேயே அளக்கலாம். தோட்டம் இருப்பவர்களுக்கு மஞ்சளோ கொப்பரையோ காயவைக்கும் சிமென்ட் களம் அருமையான இடம். மழைத்தண்ணீர் வடிய களத்துக்கு லேசான சரிவு விட்டிருப்பார்கள்; டோவுக்கு அது பரவாயில்லை. கேம்பரை செல்போன் கோணமானியில் பார்ப்பதாக இருந்தால் மட்டும், கொத்தனாரின் தண்ணீர்க் குழாயை வைத்து நாலு சக்கரமும் ஒரே மட்டமா என்று பாருங்கள். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு அரிசி மூட்டை. முன் சக்கரத்துக்கு அடியில் இரண்டிரண்டு டைல்ஸ், நடுவில் கிரீஸ். வண்டியின் இரு பக்கமும் மீன்பிடி நரம்பை, சக்கர நடு உயரத்தில், ஒன்றுக்கொன்று இணையாகக் கட்டுங்கள். முன்னச்சும் பின்னச்சும் அகலத்தில் வேறுபடும் என்பதால், நரம்பிலிருந்து ரிம்முக்கு அளக்காமல் ஹப் நடுவுக்கு அளந்து இடமும் வலமும் சமமாக்கணும். பிறகு ஸ்டீல் ஸ்கேலில் ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். முன் விளிம்பு நரம்புக்கு அருகில் இருந்தால் வெளிப்பார்வை. 16 இன்ச் ரிம்மில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ 0.14 டிகிரி. பொறுமை இருந்தால் கடை மெஷினோடு ஒத்துப்போகும்.

வெளியே வரும்போது தள்ளுது, உள் சக்கரம் சுத்துது

முன்சக்கர ஓட்ட வண்டியின் தலைவிதி. வளைவில் உள் சக்கரத்தின் பாரம் குறைகிறது, இரு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் சாதாரண டிஃபரன்ஷியல் அதை அதற்கே அனுப்புகிறது. டர்போ வண்டியில் டார்க் (முறுக்கு விசை) மொத்தமாக வருவதால் இன்னும் மோசம். முதலில் ஸ்டியரிங்கை நேராக்க நேராக்க ஆக்சிலேட்டர் கொடுங்கள். அப்புறம் முன்பாரை ஒரு படி தளர்த்துங்கள், அல்லது பின்பக்கத்தைக் கெட்டியாக்குங்கள். போலோ மாதிரி பின்னால் ட்விஸ்ட் பீம் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்திரம்) உள்ள வண்டியில் பீமோடு சேர்த்துப் போடும் கூடுதல் பார் கிடைக்கிறது. வளைவில் உள் பின் சக்கரம் தரையைவிட்டுக் கொஞ்சம் எழுந்தால் பயப்பட வேண்டாம். முன்சக்கர வண்டிக்கு அது சகஜம். ஒரு சக்கரம் மட்டும் சுத்துவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் நிரந்தரத் தீர்வு. விலையும் அப்படித்தான்.

பிரேக் பிடித்துத் திருப்பும்போது பின்னாடி வீசுது

எனக்கு இருப்பதிலேயே அச்சம் தரும் அறிகுறி இது. வரிசையாக: பின் டயரில் காற்று அதிகமா? பின் டோ வெளிப்பார்வையாக இருக்கிறதா? அப்படி இருந்தால் அன்றைக்கு ஓட்டவே வேண்டாம். பின்பக்கம் எப்போதும் சிறிது உள்பார்வையாக இருக்கணும். ட்விஸ்ட் பீமில் அதைத் திருக முடியாது, ஷிம் (மெல்லிய தகடு) வைத்துத்தான் சரிசெய்யணும். பின்பாரைப் புதிதாக மாற்றியவர் ஒரு படி தளர்த்துங்கள். ஷாக்கில் ரீபவுண்டு (அமுங்கிய ஷாக் மறுபடி நீள்வதற்கான தடை) திருகு இருந்தால் பின்னாடி இரண்டு கிளிக் குறையுங்கள். அதிகமானால் பின் சக்கரம் தரையைத் தொடர்ந்து இறங்காமல் மேலேயே நின்றுவிடும்.

இதெல்லாம் சரி என்றால் கால். வளைவு நடுவில் பயந்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் நல்ல செட்டிங் உள்ள வண்டியும் பின்னால் வீசக்கூடும்.

ஆக்சிலேட்டர் கொடுத்தால் பின்னாடி வீசுது

கேமன், எம்2 போன்ற பின்சக்கர வண்டிகளுக்கு மட்டும். பெரும்பாலும் பின் டயர் கொதித்துவிட்டது. ஒரு ரவுண்டு மெதுவாகப் போய்விட்டு மறுபடி பாருங்கள். இவற்றில் பின் டயர் முன் டயரைவிட அகலமாக வரும். முன்னாடி தள்ளுகிறது என்று முன் டயரை மட்டும் அகலமாக்கியவர்களுக்கு இந்தப் புகார் பரிசாகக் கிடைக்கும்.

பிரேக் ஏமாத்துது

பெடல் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லுங்கள், நோயைச் சொல்லிவிடலாம்.

பெடல் மெத்தையாகி உள்ளே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. டாட் 3 ரக ஆயில் புதிதில் குறைந்தபட்சம் 205 டிகிரி தாங்கும், ஈரம் சேர்ந்த பிறகு 140. டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவது அதன் குணம், ஆகவே இரண்டு வருஷ ஆயிலோடு டிராக்குக்கு வராதீர்கள். டாட் 5 என்று தனியாக இருப்பது சிலிகான். அதைக் கலக்கவே கூடாது.

பெடல் கல் மாதிரி இருக்கிறது, வண்டி மட்டும் நிற்கவில்லை என்றால் பேடு. ரோட்டு பேடு அதன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. சின்ன டிராக்கில் நீளமான நேர்பாதை இல்லாததால் டிஸ்க் ஆற நேரம் கிடைப்பதில்லை. நாலு ரவுண்டு வேகமாக, ஒரு ரவுண்டு பிரேக் தொடாமல் என்று பழகுங்கள். பிட்டுக்குள் வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

பிரேக் அடித்தால் ஸ்டியரிங் அதிர்கிறதா? டிஸ்க்கைச் சந்தேகிக்கும் முன் வீல் நட்டைப் பாருங்கள். டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து, மேனுவலில் உள்ள அளவுக்கு. ஒவ்வொரு செஷனுக்கும் பிறகு.

காலையில் ஒரு வண்டி, மதியம் வேற வண்டி

பாலக்காட்டுக் கணவாய் நமக்குப் பக்கம். ஆனியிலும் ஆடியிலும் அதன் வழியாக வரும் காற்றில் அம்மியே பறக்கும் என்றால், ஒன்றேகால் டன் ஹேட்ச்பேக் எம்மாத்திரம். பின்னாலிருந்து தள்ளும் காற்றில் அதே பிரேக் புள்ளி பத்தாது. பக்கக் காற்றில் வேகமான வளைவில் வண்டி ஒரு முழம் நகரும். செம்மண் தூசி வந்து ரேசிங் லைன் மேலேயே படியும். கொடிக்கம்பத்தைப் பார்த்து பிரேக்கை முன்னாடி பிடியுங்கள். செட்டிங்கில் கை வைக்காதீர்கள். மறுநாள் காலை எல்லாம் தலைகீழாகிவிடும்.

வீட்டுக்குக் கிளம்பும்போது

சூட்டில் காற்று இறக்கியிருக்கிறீர்கள். டயர் ஆறியதும் 25, 26-க்கு வந்து நிற்கும். கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு மறுபடி அடித்துவிட்டுத்தான் பொள்ளாச்சி ரோட்டில் ஏறணும். பிரேக் பேடின் கனத்தை ஸ்போக் இடுக்கு வழியாக ஒரு முறை பாருங்கள், 3 மி.மீ.க்குக் கீழே என்றால் திங்கட்கிழமை முதல் வேலை அதுதான்.